பச்சைப் பெட்டிக்கு வைத்த ஒப்பாரி

சிரிக்க வைப்பதைத் தொழிலாக வைத்திருப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. அவன் நிஜமாகவே வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தாலும் முன்வரிசை கைதட்டும். நான் தலை நரைக்கும்வரை அந்தத் தொழிலில் கிடந்தவன். நாடக மேடையில் தனியாளாக வந்து நின்று ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுக்கும் பபூனாக ஆரம்பித்தேன். சினிமாவில் கிணற்றில் விழுகிறவனாகவும் கதாநாயகனிடம் அறை வாங்குகிறவனாகவும் முன்னேறினேன். தேர்தல் வந்தால் யார் கூப்பிட்டாலும் போய்ப் பேசினேன். (யார் கூப்பிட்டாலும் என்பதைக் கவனிக்கவும். கொள்கையும் சோறும் ஒரே இலையில் விழாது என்று அப்போது எனக்குத் திடமான நம்பிக்கை.)

இந்த மூன்று தொழிலும் ஒரே பகலில், ஒரே சேலையில் வந்து சிக்கி, நான் சந்தி சிரிக்க நின்ற கதை ஒன்று உண்டு. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் வரும்.

உலகச் சண்டை முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. இவ்வளவு வரிசையிலும் நின்று களைத்த ஜனங்கள் சாயங்காலமானால் எங்கள் நாடகக் கொட்டகையிலும் வந்து வரிசையில் நின்றார்கள். தூத்துக்குடியில் தகரக் கொட்டகை போட்டு எங்கள் கம்பெனி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மீசை சரியாக முளைக்காத வயது. எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். முதன்முதலில் கடலைப் பார்த்தபோது, இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு ஒரு குடம் அனுப்பவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேடையில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒப்பாரி. வெள்ளைச் சேலை கட்டி, தலையை விரித்துப் போட்டு, செத்துப்போன என் புருஷனைப் பார்த்து அழுதுகொண்டே வருவேன். புருஷன் வேறு யாருமில்லை, ஆர்மோனியக்காரர்தான். அவர் பாட்டுக்கு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். "செத்த பொறவும் சுருதி விடலியே, என் ராசா" என்று நான் மாரில் அடித்துக்கொண்டால் கொட்டகைத் தகரம் அதிரும். உள்ளே ரவிக்கைக்குள் இரண்டு துணிப்பந்து வைத்திருப்பேன். அடிக்கிற வேகத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நகரும். அதற்குத் தனிக் கைதட்டல். (கலை நயத்தைக் குறை சொல்லாதீர்கள். அன்றைய ரசனை அது.)

அந்தச் சமயத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. எங்கள் வட்டாரத்தில் உப்பள முதலாளி ஒருவருக்குச் சிவப்புப் பெட்டி, சங்கு வியாபாரி ஒருவருக்குப் பச்சைப் பெட்டி. உப்பள முதலாளி ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்து, நான் மூஞ்சி கழுவும்வரை பொறுமையாக நின்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். முதலாளிகள் யாருக்காகவும் நிற்கிற ஜாதி இல்லை.

"தம்பி, நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் மெட்ராஸ்ல படம் பிடிக்காரு. கதாநாயகனுக்குத் தோழனா போட ஆள் தேடுதாராம். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் என்ன செய்யணும் முதலாளி?"

"பெருசா ஒண்ணுமில்ல. பச்சைப் பெட்டி செத்துப்போச்சு. அதுக்கு நீ ஒப்பாரி வைக்கணும்."

சினிமா என்ற சொல் காதில் விழுந்தபின் அவர் என்னையே பாடையில் படுக்கச் சொல்லியிருந்தாலும் படுத்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் ஊர்வலம் புறப்பட்டது. பச்சைச் சாயம் அடித்த தகரப்பெட்டி ஒன்றைப் பூமாலையோடு பாடையில் வைத்து உப்பளத்து ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். ஒரு கிளாரினெட்காரர் முன்னே போனார். பின்னே விதவைக் கோலத்தில் நான். கம்பெனியின் வெள்ளைச் சேலை, முகத்தில் அரிதாரம், கண்ணைச் சுற்றி அழுது கரைந்த மாதிரி மை. கடைத்தெருவில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டைக் கீழே போட்டார். தலைக்கனம் என்பது பூ வைத்த மாதிரி மெதுவாக ஏறும் என்பார்கள். எனக்கு மூட்டையாகவே ஏறியது.

"திரேஸ்புரத்துக்குப் போவோம்" என்றேன்.

பாடை தூக்கியவர்களில் ஒருவர் தயங்கினார். "அங்கன எதுக்குவே? வரி கட்டுறவனுக்குத்தான ஓட்டு. அங்க எவன் வீட்டுல ஓட்டு இருக்கு?"

அது நியாயமான கேள்வி. அங்கே இருந்தவர்கள் மீன் பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும். பச்சைப் பெட்டிக்காரருக்குச் சங்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான், ஆனால் அவருக்கு ஓட்டுப் போடுகிற யோக்கியதையைச் சர்க்கார் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு ஓட்டா முக்கியம்? எதிரியின் வாசலிலேயே பிணத்தை இறக்கி அழுதான் என்று உப்பள முதலாளி மெட்ராசுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அதுதான் முக்கியம். போனோம்.

கடற்கரையில் ஒரு படகு, ஒரு வள்ளம்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிற புத்தி கரிசல்காட்டுக்காரனுக்கு ஏது? இடம் தாராளமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சாய்ந்த வெயில் முகத்தில் அடித்து அரிதாரத்தைக் கெடுக்கக் கூடாதென்று கடலைப் பார்த்து நின்றுகொண்டேன். காற்று கடலிலிருந்து குடிசைகளின் பக்கம் வீசியது. குரல் தூரத்துக்குப் போகும், நல்ல சகுனம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். பாடையை இறக்கச் சொல்லி, தொண்டையைக் கனைத்து, ஆரம்பித்தேன்.

"போகாதேன்னு சொன்னேனே, பொழுதோட வாரேன்னியே... பச்ச ஒடம்பு வெளுத்துப்போச்சே, என் ராசா..."

பாட்டு இரண்டு சுற்று முடிவதற்குள் குடிசைகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். உலை வைத்த கையோடு, பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி, முடிந்த கொண்டை அவிழ, விழுந்து எழுந்து ஓடி வந்தார்கள். எந்தக் கொட்டகையிலும் என்னைப் பார்க்க ஜனம் இப்படி ஓடி வந்ததில்லை. நான் உச்சிக்குப் போனேன். மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டேன். துணிப்பந்து மேலும் கீழும் நகர்ந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. இவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக் குரலை ஏற்றினேன்.

முதலில் வந்து சேர்ந்தது ஒரு இளம்பெண். ஈரக்கையால் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் பெயர் சலேத் என்று பிறகு தெரிந்தது.

"யாரு? எந்த வள்ளம்? யாரு போனது, சொல்லும்."

சிறந்த நடிகன் காட்சியின் நடுவே வேஷத்தைக் கலைக்க மாட்டான் என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் கலைக்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, "என்னத்தச் சொல்லுவேன் தாயி, நம்ம தாலியெல்லாம் போச்சே" என்று ஓங்கி அழுதேன்.

அவள் சத்தமில்லாமல் என் கைக்குள்ளிருந்து சரிந்து மணலில் விழுந்தாள்.

கிளாரினெட் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது பாடை இருந்தது, தூக்கியவர்கள் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று சைகை காட்டிவிட்டுக் கிளாரினெட்காரரும் நடக்க ஆரம்பித்தார். அவர் மூச்சு அன்றைக்கு எந்த ஊரில் போய் நின்றதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கரையிலிருந்த சில ஆட்கள் என்னைச் சூழ்ந்தார்கள். ஒருவர் கையில் துடுப்பு இருந்தது. என் விதவைக் கோலம் பொருத்தமாகத்தான் இருக்கிறது, என் சாவுக்கே உதவப் போகிறது என்று நினைத்தேன்.

"ஏலே, அடிக்காதிய" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் கரையின் தலைவர் அவர். பட்டங்கட்டி என்று கூப்பிட்டார்கள். வயதானவர், குரலை உயர்த்தாதவர். பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், இடம் மாறிக் கிடந்த என் துணிப்பந்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"எந்த ஊரு?"

"எட்டயபுரம் பக்கம், ஐயா."

"அங்கன கடல் இருக்கா?"

"இல்லைய்யா."

"அதான்" என்றார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார். "வள்ளம் கடல்ல நிக்கையில இந்தக் கரையில யாரும் அழ மாட்டோம். வீட்டுக்குள்ள சாவு விழுந்தாலும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் இருப்போம். கடேசி வள்ளம் மணல்ல ஏறுனதும், எல்லா வள்ளமும் வந்துட்டுன்னு நான் சொல்லுவேன். அதுக்குப் பொறவுதான் அழுகை. அதுக்கு முந்தி இங்கன அழுகச் சத்தம் கேட்டா, கடல்ல இருந்து ஏதோ சேதி வந்துட்டுன்னு அர்த்தம். நீரு அழுதுட்டீரு."

"தெரியாமச் செஞ்சிட்டேன் ஐயா. மன்னிச்சிருங்க. நான் போயிருதேன்."

"போவக் கூடாது. இங்கனயே உக்காரும். வள்ளமெல்லாம் வந்துட்டா உம்ம அழுகை பொய்யின்னு ஆயிரும். பொய்யாக்கிட்டுப் போம்."

உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலை கட்டி, மை வழிய, பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு. பயத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இடம் அவர்களுடையதாயிற்றே என்று அந்தக் கரையின் மாதாவையும் கூப்பிட்டேன். தூரத்தில் உப்பள முதலாளியின் குதிரைவண்டி வந்தது. நின்றது. என்னைப் பார்த்தது. திரும்பிப் போயிற்று. குதிரைகூட ஒருதரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, அவர் பார்க்கவில்லை.

சலேத்துக்கு மயக்கம் தெளிந்திருந்தது. அவள் தாய் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, மிச்சத் தண்ணீரை என்னிடம் நீட்டினாள். அதை ஏன் எனக்குக் கொடுத்தாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் குடித்ததைச் சலேத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு ஆளும் போயிருக்காவ. சங்கு குளிக்க" என்றாள். "கயித்த எங்க அண்ணன்தான் பிடிக்கான்."

அங்கே அப்படித்தான் வழக்கம். மூழ்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சினனாக இருப்பான். தங்கச்சி தாலி அறுவதற்கு எந்த அண்ணனும் அசந்திருக்க மாட்டான் என்ற கணக்கு. அதைச் சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

"நீரு அழுதது நாடகமா?"

"ஆமா தாயி. சிரிக்கிறதுக்கு."

"எந்த எடத்துல சிரிக்கணும்?"

நான் விளக்கினேன். செத்த புருஷன் ஆர்மோனியம் வாசிப்பதையும் சுருதி விடாததையும் சொன்னேன். துணிப்பந்து விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். எத்தனையோ மேடையில் எடுபடாமல் நின்றிருக்கிறேன், ஆனால் கடலைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒருத்திக்குச் சிரிக்க வேண்டிய இடத்தை எடுத்துச் சொன்ன அந்த வெட்கம் வேறு எங்கும் பட்டதில்லை. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மரியாதைக்காகச் சொன்னாள்.

தூரத்தில் வள்ளங்களின் பாய்கள் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு வள்ளமும் மணலில் ஏறும்போது பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். (சரியான இடத்தில் சிரித்தவர்கள் அன்றைக்கு அவர்கள்தான்.) யாரோ காதில் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர்களும் கடலைப் பார்த்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றுவிட்டேன். யார் யாருடைய புருஷனோ வந்து இறங்க இறங்க, நானே பிழைத்து எழுந்தது போலிருந்தது. இன்னும் ஒன்றுதான் என்றார் பட்டங்கட்டி. அது சலேத்தின் வள்ளம்.

அது பாய் விரிக்காமல் வந்தது. காலையில் வேறு திசைக்குத் தனியாக, வெகுதூரம் போன வள்ளமாம். மெதுவாகத் துடுப்பு வலித்து வந்தார்கள். முன்னால் அவள் அண்ணன் சூசை நின்றிருந்தான். கயிற்றைச் சுருட்டி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். கரை தட்டிய பிறகும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை. பாயை விரிக்காததன் காரணம் அருகில் வந்ததும் தெரிந்தது. பாய்க்கு அடியில் அவள் புருஷன் மிக்கேல் கிடந்தான்.

"எப்பம்லே?" என்று பட்டங்கட்டி கேட்டார்.

"காலையில. வெயில் ஏறுமுந்தி." சூசை தங்கையைப் பார்க்காமல் பேசினான். "அவன் கயித்த அசைச்சதும் இழுத்துட்டேன். மேல வந்தான். மூச்சு வரல. நான் பிந்தல சித்தப்பா, அசைச்சதுமே இழுத்தேன்."

பட்டங்கட்டி அவன் தோளில் கை வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டியளா? வெயில் ஏறுமுந்தி. இந்த ஆளு அழுததுனால இல்ல." அவ்வளவு பெரிய துக்கத்தின் நடுவே, முன்பின் தெரியாத ஒரு பபூனுக்கு அவர் முதலில் விடுதலை கொடுத்தார். அதன் பிறகுதான் வழக்கமாகச் சொல்வது போலச் சொன்னார்.

"எல்லா வள்ளமும் வந்துட்டு."

கரை முழுவதும் அழுதது. ஒப்பாரியில் பேர் வாங்கியவன் நான், ஒப்பாரியை அன்றைக்குத்தான் கேட்டேன். மெட்டு கிடையாது, கணக்கு கிடையாது. சலேத் பாட்டெல்லாம் பாடவில்லை. "வந்துட்டியளா, வந்துட்டியளா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அழ நினைத்தும் என் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த முகத்தோடு, அந்த மையோடு நான் அழுதால் இரண்டாம் ஆட்டம் ஆரம்பித்த மாதிரி ஆகிவிடும் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது போல. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மெல்ல நழுவலாம் என்று திரும்பியபோது சலேத்தின் தாய் என் முந்தானையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது யாரு சேலை?"

"நாடகக் கம்பெனிது, அம்மா."

"கடையில வெள்ளைத் துணி இல்ல. ரேசன்ல எப்ப வருமோ. எம் பிள்ளைக்கு நாளைக்கு உடுத்தணும்." முந்தானையை விடாமல், "கழத்திக் குடும்" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். மணலை உதறி, மடித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாத்துப் போம்" என்றாள்.

உள்ளே நான் போட்டிருந்தது அரைக்கால் சட்டை. மேலே பந்து வைத்த ரவிக்கை. ரவிக்கை முதுகுப்பக்கம் கட்டியது, கம்பெனியில் ஆள் வைத்து அவிழ்க்க வேண்டியது. அப்படியே, மை வழிந்த முகத்தோடு, திரேஸ்புரத்திலிருந்து கடைத்தெரு வழியாகக் கொட்டகைவரை நடந்தேன். ஊரே திரண்டு சிரித்தது. அந்த மளிகைக்கடை அண்ணாச்சி கடையை விட்டிறங்கி வந்து சிரித்தார். எத்தனையோ வருஷம் மேடையில் முக்கியும் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பிறகு வாங்கவில்லை. அதற்காக நான் எதுவுமே செய்யவில்லை, நடந்தேன், அவ்வளவுதான்.

"சேலை எங்கலே?" என்றார் கம்பெனி முதலாளி.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அதை உடுத்த வேண்டியவங்களுக்கு."

அவருக்கு விளங்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் அரசர் செத்தவுடன் அரசி மஞ்சள் சேலையில் விதவையானாள். பின்வரிசை ஊளையிட்டது. மறுவாரம் எனக்குச் சீட்டுக் கிழிந்தது. உப்பள முதலாளி ஜெயித்தார். மெட்ராஸ் சொந்தக்காரருக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னவோ, எனக்கு வந்து சேரவில்லை. பிறகு நானாகவே மெட்ராசுக்குப் போய், நானாகவே கிணற்றில் விழுந்து பிழைத்தேன். எத்தனையோ தேர்தலில் பேசினேன். ஒப்பாரி மட்டும் வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதுதான் என் ஒரே கொள்கை.

கல்யாணமான புதிதில் என் மனைவி செண்பகத்திடம் இதைச் சொன்னேன். அவள் மறுநாளிலிருந்து அதை வீட்டுச் சாமானாக்கிவிட்டாள். பிள்ளை அழுதால், "வாயப் பொத்துலே, இன்னும் வள்ளம் வரல" என்பாள். படம் ஓடவில்லை என்று நான் புலம்ப ஆரம்பித்தால், "வள்ளமெல்லாம் வந்துட்டா?" என்பாள். வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் உள்ளே மகளைப் பார்த்துச் சத்தம் கொடுப்பாள். "ஏளா, எல்லா வள்ளமும் வந்துட்டு. சோத்தப் போடு." மருமகன்கள்கூட அர்த்தம் தெரியாமலே அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன வருஷம் செண்பகம் போய்ச் சேர்ந்தாள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அழுதார்கள். எனக்கு வரவில்லை. வாயில் கை தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. சின்ன மகன் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்து செருப்பைக் கழற்றியதும் என் மகள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயிலிருந்த என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, எல்லா வள்ளமும் வந்துட்டு" என்றாள்.

நான் அழுதேன். மெட்டில்லாமல், கணக்கில்லாமல் அழுதேன். வாசலில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இந்த வயசுலயும் என்னமா நடிக்காரு பாரும்" என்றாராம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கதையை அதையும் சேர்த்துத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.